பேரிங்கை மாற்றும் முன் இயந்திரத்தைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழில்திறன் பயிற்சி குறித்த செய்திகளுக்குத் தாங்கள் இடமளித்து வருவதால், பினாங்கின் பெருநிலப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் ஒரு குறையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் தொழிற்சாலைகள் பலவற்றில் அதிர்வை அளக்கும் கருவி இருக்கிறது. அளந்ததைக் கணினியில் ஆராயும் மென்பொருளும் இருக்கிறது. ஆனால் மாதம் ஒருமுறை இயந்திரங்களைச் சுற்றிவந்து எண்களைப் பதிவு செய்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. இயந்திரம் ஒத்ததிர்வில், அதாவது ஓடும் வேகமும் அது இயல்பாக ஆடும் வேகமும் ஒன்றாகி அதிர்வு பெருகும் நிலையில், மாட்டியிருக்கிறதா என்று கண்டறிய அதே கருவி போதும் என்பது அதை வாங்கித் தந்த மேலாளருக்கும் தெரிவதில்லை, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் இளைஞருக்கும் சொல்லித் தரப்படுவதில்லை.

பிறை என்ற ஊரில் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், உயரமான இரும்புச் சட்டத்தின் மேல் பெரிய காற்றாடி ஒன்று இருந்தது. மோட்டாரோடு நேரடியாக இணைந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,480 சுற்று ஓடியவரை அது எந்தத் தொல்லையும் தரவில்லை. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் பொருத்தி வேகத்தை 1,230 சுற்றுக்கு இறக்கினார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் மூன்று முறை பேரிங் போயிற்று. இரண்டு முறை பேலன்ஸ் செய்தோம். எடையை எங்கே வைக்க வேண்டும் என்று கருவி காட்டிய கோணம் அளக்கும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருந்தது. ஒத்ததிர்வுக்கு அருகில் ஓடும் இயந்திரத்தில் வேகம் இம்மியளவு மாறினாலும் கட்டக் கோணம் எனப்படும் இந்தக் கோணம் வெகுவாக நகர்ந்துவிடும் என்பதால், அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பேரிங் விற்றவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். கிடைத்திசையில் நொடிக்கு 14 மில்லிமீட்டர், செங்குத்தாக வெறும் 3 மில்லிமீட்டர் என்று அதிர்வு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

கடைசியில் வெளியிலிருந்து அழைத்து வந்த ஒருவர் காற்றாடியை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, பேரிங் கூட்டின் பக்கவாட்டில் காந்தத்தால் உணரியை ஒட்டவைத்து, கனமான மரக்கட்டையால் சட்டத்தை ஓர் அடி அடித்தார். திரையில் 20.5 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 20.5 அதிர்வில், ஒரே ஒரு முகடு செங்குத்தாக எழுந்தது. 1,230ஐ 60ஆல் வகுத்தால் வருவதும் அதுதான். அடித்தால் எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்கு இயல்பாக அமைந்திருந்ததோ, அதே வேகத்தில்தான் நாங்கள் ஐந்து மாதம் காற்றாடியை ஓட்டியிருக்கிறோம்.

இதை ஆங்கிலத்தில் ‘பம்ப் டெஸ்ட்’ என்பார்கள். தமிழில் எழுதினால் தண்ணீர் இறைக்கும் பம்பைச் சோதிப்பதாக நம்மவர்கள் எண்ணிக்கொள்வதால், தட்டுச் சோதனை என்றே சொல்லலாம். பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறோம் அல்லவா, அதே வேலைதான். காதுக்குப் பதில் உணரி, கேட்ட ஓசையை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டக் கணினி.

ஆனால் கணினிக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாதாந்திரச் சுற்றுக்கென்று அமைத்திருக்கும் 1,000 ஹெர்ட்ஸ் வீச்சையும் அதைப் பகுக்கும் 400 கோடுகளையும் அப்படியே வைத்துத் தட்டினால், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 2.5 ஹெர்ட்ஸ் விழுந்து, அருகருகே உள்ள இரண்டு முகடுகள் ஒன்றாகக் கலந்துவிடும். வீச்சை 200 ஹெர்ட்ஸுக்குக் குறைத்து 800 கோடுகள் வைத்தால் இடைவெளி கால் ஹெர்ட்ஸாகும். அதற்கு நான்கு நொடி பதிவு போதும். அடிக்கும் கணத்தில்தான் பதிவு தொடங்க வேண்டும் என்பதையும், பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் தணிக்கும் ‘ஹான்னிங் சாளரம்’ என்ற மென்பொருள் அமைப்பு அந்த முதல் அடியையே அமுக்கிவிடும் என்பதால் அதை மாற்றிவிட வேண்டும் என்பதையும் எனக்குக் கையேடு சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

நோய் தெரிந்த பின்னும் நாங்கள் அவசரப்பட்டோம். சட்டத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து, மறுபடி தட்டிப் பார்க்காமலே ஓட்டினோம். 1,230 சுற்றில் அமைதி. முழு வேகம் தேவைப்பட்ட அன்று முன்பைவிட மோசமாக ஆடியது; தட்டிப் பார்த்தால் முகடு 25 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்து, 1,480 சுற்றுக்கு நேராக வந்து நின்றது. ஓடும் வேகத்திலிருந்து குறைந்தது 15 முதல் 20 விழுக்காடாவது விலகி இருக்க வேண்டும் என்பது இத்துறையின் வழக்கம். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும் என்பதால், அதை 20 விழுக்காடு உயர்த்த விறைப்பை 44 விழுக்காடு கூட்ட வேண்டும். நான்கு பக்கமும் குறுக்குச் சட்டம் வைத்து 32 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோன பிறகுதான், எந்த வேகத்திலும் அந்தக் காற்றாடி அடங்கி ஓடியது.

முன்பெல்லாம் ஒரு மோட்டாருக்கு ஒரே வேகம். விலகி நிற்க வேண்டிய இடமும் ஒன்றுதான். இன்வெர்ட்டர் வந்தபின் வேகம் ஒரு நீண்ட வீச்சாகிவிட்டதால், அதற்குள் எங்கோ ஓர் இயல்பு அதிர்வெண் சிக்குவது வியப்பில்லை. ஆகவே, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் தட்டுச் சோதனை செய்து அறிக்கை தர வேண்டும் என்பதை இன்வெர்ட்டர் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிச் சேர்க்குமாறு ஆலை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் பல துறை முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்குச் செலுத்துகிறார்கள், அந்தப் பணத்தில் ஐ.எஸ்.ஓ. 18436-2 தரத்தின்படி அமைந்த அதிர்வு ஆய்வாளர் பயிற்சிக்குத் தம் இளைஞர்களை அனுப்பலாம். பொலிடெக்னிக்குகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பட்டறையில் ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, மாணவர் கையில் மரக்கட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தையும் முடுக்கிய பின் முகடு எங்கே நகர்கிறது என்று குறித்து வரச் சொன்னால், அதற்கு ஒரு பிற்பகல் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பராமரிப்புத் தொழில்நுட்பர்,
பட்டர்வொர்த், பினாங்கு.