ஆப் கேட்கும் கடைக்காரர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையதளமும் ஆப்பும் இல்லாத கடைகள் இன்னும் சில வருடங்களில் காணாமல் போய்விடும் என்று போன வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு, அதனால் அந்தக் கட்டுரை எனக்கு ஓசி விளம்பரம். இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சைட் போடு, ஆப் போடு என்று பக்கம் முழுக்க எழுதியவர், அங்கே வருகிற ஆள் எதற்காகக் காசை எடுத்து நீட்டுவான் என்று ஒரு வரி எழுதவில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் வந்ததும் கேட்பது ஆப்தான். பக்கத்துக் கடைக்காரர் வைத்திருக்கிறார், நமக்கும் வேண்டும், வேறு காரணம் கிடையாது. ஆன்லைனில் துணிமணி விற்கிற மிந்த்ராவின் கதையை இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 2015 மே மாதம் வெப்சைட்டை மூடிவிட்டு இனி ஆப் மட்டும்தான் என்று இறங்கினார்கள். பின்னால் ஃப்ளிப்கார்ட் நிற்கிறது, பணத்துக்குப் பஞ்சமில்லை, அப்படியும் 2016 ஜூனில் கம்ப்யூட்டரில் பார்க்கிற சைட்டைத் திரும்பத் திறந்தார்கள். அவர்களுக்கே அந்த கதி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஜமக்காளம் வாங்குகிற மனுஷன் அதற்கென்று போனில் ஓர் ஆப்பை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பானா?

பவானி ஜமக்காளம் விற்கிற ஒருவரின் சைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் திரை முழுக்கப் படங்கள் ஒன்று மாற்றி ஒன்று ஓடும். அப்புறம் தாத்தா காலத்துப் பாரம்பரியம், அப்புறம் எங்கள் நோக்கம், எங்கள் தொலைநோக்கு. விலையைப் பார்க்க நம்பர் கொடுத்து ஓடிபி போட வேண்டும். அவருடைய வாட்ஸ்அப்பை வாங்கிப் பார்த்தால் அங்கே நடப்பது வேறு. எத்தனை அடிக்கு எத்தனை அடி, கைத்தறியா பவர்லூமா, தண்ணீர் பட்டால் சாயம் போகுமா, மண்டபத்துக்குப் பந்திப்பாய் நீளத்தில் கிடைக்குமா, கட்டுக்கு எத்தனை பீஸ், எங்க ஊருக்கு எந்த லாரியில் போடுவீங்க என்று எல்லாரும் திரும்பத் திரும்ப இதையேதான் கேட்டிருக்கிறார்கள், அவரும் அலுக்காமல் ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். இதில் ஒன்றுக்குக்கூட சைட்டில் பதில் இல்லை. ஓடுகிற படங்களைத் தூக்கிவிட்டு இந்தக் கேள்விகளையும் பதில்களையும் முதல் பக்கத்திலேயே வைத்தோம், விலையைப் பூட்டாமல் போட்டோம். பார்க்க ஒன்றும் அழகாக இல்லை, அவர் மகனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் இப்போது போன் செய்கிறவர்கள் அளவு கேட்பதில்லை, எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கிறார்கள். வியாபாரத்தில் இந்த இரண்டு கேள்விக்கும் எவ்வளவு தூரம் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பெரிய கம்பெனி செய்ததை அப்படியே செய்வது இன்னொரு வியாதி. 2007-ல் புத்தகம் விற்று ஆரம்பித்த ஃப்ளிப்கார்ட், 2010-ல் பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று சொன்னது. கார்டு இல்லாதவர்கள், இருந்தும் முன்னப்பின்னத் தெரியாத சைட்டில் நம்பரைத் தட்டப் பயந்தவர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்துக்கு அது கதவைத் திறந்துவிட்டது. நல்ல யோசனைதான், ஆனால் திரும்பி வருகிற பார்சலின் செலவைத் தாங்க அவர்களிடம் முதலீட்டாளர் பணம் இருந்தது. சென்னிமலைப் போர்வை விற்கிறவருக்குப் போகவும் வரவும் கூரியர் கொடுத்தால் அதிலேயே லாபம் கரைந்துவிடும். இவருக்குப் பாதி அட்வான்ஸ் வாங்குவதுதான் சரி, அந்த நம்பிக்கையை வீடியோ காலில் துணியை விரித்துக் காட்டிச் சம்பாதிக்க வேண்டியதுதான்.

நம்ம ஊர்க்காரர் கதை ஒன்றும் இருக்கிறது. முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது 1990-களின் கடைசியில் அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு இணையதளம் தொடங்கினார். பல பகுதிகள் கொண்ட அந்தத் தளத்தில் கூட்டம் சேர்ந்தது வரன் தேடும் பகுதியில்தான். அவர் கூட்டம் போன பக்கம் போனார், பாரத்மேட்ரிமோனி பிறந்தது, 2017-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. மொழிக்கு ஒரு வாசல் என்று பிரித்ததையும், வரனைப் பார்க்கவிட்டு போன் நம்பருக்குக் காசு வாங்கியதையும் நான் பெரிதாக நினைக்கிறேன். பெண்ணைப் பெற்றவர் எந்த இடத்தில் பர்ஸைத் திறப்பார் என்று தெரிந்த ஆள் போட்ட கணக்கு அது. இதைச் சொல்லிக்கொடுக்க எந்த சாப்ட்வேராலும் முடியாது.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது எத்தனை கோடி முதலீடு திரட்டினார்கள் என்பதோடு, முதலில் காசு கொடுத்து வாங்கியவர் யார், இரண்டாவது தடவை ஏன் வந்தார் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிருபரை இங்கே அனுப்பினால் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். திங்கள் ராத்திரியும் செவ்வாயும் மட்டும் வேண்டாம், சந்தை நாள், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.