தெருநாய்க் கருத்தடை: மயக்க ஊசியையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்க் கருத்தடை பற்றிய செய்திகளில் எத்தனை நாய் பிடிபட்டது, எத்தனை அறுவை முடிந்தது என்ற கணக்குதான் வருகிறது. கத்தி படுவதற்கு முன்பே நாயின் உடம்பில் ஏறிவிடும் மயக்க மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கருத்தடை முகாம்களில் பரவலாகப் போடப்படுவது சைலசினும் கெட்டமினும் சேர்ந்த ஊசி. விலை குறைவு, தொடைச் சதையிலேயே போடலாம், கால் மணி நேரத்துக்குள் நாய் படுத்துவிடும். ஆனால் இரண்டும் இதயத்தை எதிரெதிராக இழுப்பவை. சைலசின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முதலில் ரத்த அழுத்தம் ஏறும், துடிப்பு குறையும். பிறகு அழுத்தமும் இறங்கும். கெட்டமின் துடிப்பைக் கூட்டும். இரண்டும் சேரும்போது நாடி நிமிடத்துக்கு 90, 100 என்று சாதாரணமாகவே தெரியலாம். அதை நம்பிவிடக் கூடாது. சுருங்கிய குழாய்களை எதிர்த்து இதயம் தள்ளும் ரத்தம் குறைந்திருக்கும். இதயத் தசை கேட்கும் ஆக்சிஜனோ கூடியிருக்கும். துடிப்பு குறையும் என்று பயந்து முன்கூட்டியே எல்லா நாய்க்கும் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் போடும் பழக்கம் இந்தச் சுமையை இன்னும் ஏற்றுகிறது. துடிப்போடு ரத்த அழுத்தமும் சேர்ந்து விழுந்தால்தான் அட்ரோபினுக்கு வேலை.

நுரையீரலுக்கு வருவோம். கெட்டமின் ஏறிய நாய் மூச்சை இழுத்துச் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்து பிறகு விடும். கூடவே வலி தணிக்கும் பியூட்டார்ஃபனால், தசையைத் தளர்த்தி அமைதிப்படுத்தும் டயஸிபாம் சேர்த்தால் சைலசின், கெட்டமின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்காவிட்டால் மூச்சு ஆழமின்றிப் போய்க் கரியமில வாயு தேங்கும். வெறும் காற்றைச் சுவாசிக்கும் நாய்க்கு ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். குழாய்கள் சுருங்கி நாக்கு வெளுத்திருப்பதால் பல்ஸ் ஆக்சிமீட்டரும் சில நேரம் தவறாகக் காட்டும். நாக்கை ஈரப்படுத்தி, கிளிப்பை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே நின்றால் கருவியைக் குறை சொல்லாமல் ஆக்சிஜன் கொடுப்பதே சரி. சைலசின் வாந்தியையும் வரவழைக்கும். பிடிபட்ட நாய் என்ன தின்றது, எப்போது தின்றது என்று யாருக்கும் தெரியாது. வாய்க்கட்டோடு மயங்கிய நாய் வாந்தி எடுத்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். தலை சாய்ந்தவுடன் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

பெரும் தவறு நடப்பது சிரிஞ்சில். சைலசின் மில்லிக்கு 20 மி.கி. குப்பியிலும் வருகிறது, குதிரைகளுக்கான 100 மி.கி. குப்பியிலும் வருகிறது. 15 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 1 மி.கி. என்றால் முதல் குப்பியில் 0.75 மில்லி, இரண்டாவதில் 0.15 மில்லி. குப்பி மாறினால் மருந்து ஐந்து மடங்கு. கண்ணால் எடை போடுவதும் அப்படியே. மெலிந்து ரோமம் அடர்ந்த 12 கிலோ நாய் 18 கிலோவாகத் தோன்றும். போட்ட ஊசி ஐந்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்று உடனே இன்னொன்று போடுவது அதைவிட ஆபத்து. துரத்திப் பிடித்த நாய்க்கு அட்ரினலின் ஏறியிருக்கும், மருந்து தாமதமாகத்தான் பிடிக்கும். இருட்டான, சத்தமில்லாத கூண்டில் விட்டு 15 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஈறு வெளுத்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சலால் ரத்தசோகை இருக்கலாம். அன்றைக்கு அதை மேசையில் ஏற்றக் கூடாது.

அறுவை முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடாது. 2002 முதல் 2004 வரை பிரிட்டனில் சுமார் 98,000 நாய்களைக் கணக்கெடுத்த ஆய்வில், மயக்கத்தோடு தொடர்புள்ள சாவுகளில் ஏறக்குறைய பாதி அறுவைக்குப் பிறகே நிகழ்ந்தன; அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். நம் முகாம்களில் அந்த நேரத்தில்தான் நாயைக் கூண்டில் தள்ளிவிட்டு அடுத்ததைத் தூக்குகிறார்கள். ஈரமான தரையில் உடல் சூடு இறங்கினால் மருந்து கரையத் தாமதமாகும். காய்ந்த சாக்காவது விரிக்க வேண்டும். சைலசினின் வேலையை முறிக்கும் மருந்தான யோகிம்பினைக் கிலோவுக்கு 0.1 மி.கி. மெதுவாக ரத்த நாளத்தில் ஏற்றலாம். ஆனால் கெட்டமின் போட்டு 30, 40 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். முந்தினால் எஞ்சியிருக்கும் கெட்டமினால் உடம்பு விறைக்கும், வலிப்பும் வரும். யோகிம்பின் சைலசினின் வலி தணிப்பையும் சேர்த்தே எடுத்துவிடும் என்பதால் வேறு வலி மருந்து முன்னதாகவே போட்டிருக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இப்பணியை நடத்தும் உள்ளாட்சிகள், ஒப்பந்தத்தில் சிலவற்றைக் கட்டாயமாக்க வேண்டும்: எடை மெஷின், ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சுக்குழாயில் செலுத்தப் பல அளவுகளில் குழல்கள், யோகிம்பின், நாய் எழுந்து உட்காரும் வரை அதன் மூச்சையும் ஈறையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள். கருத்தடை எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிடும்போது, மயக்கத்திலும் அதற்குப் பிந்தைய 24 மணி நேரத்திலும் இறந்த நாய்களின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருநெல்வேலி.