பள்ளிச் சுவர் சுடுமண் ஓவியப் பணி: நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்த வடக்குச் சுவர்ப் பணி நிறைவடைந்தது. வில்லியனூர்ப் பிள்ளைகள் வரைந்த படங்கள் சுடுமண் பலகைகளாகி, தெருவில் போகிற எவரும் பார்க்கும்படி பள்ளிச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. கல்வித்துறை அனுமதியும் பொறியாளர் சான்றும் தலைமையாசிரியர் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.

முதலில் வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே படம்: இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை. புதுச்சேரியில் மலையே கிடையாது. பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. படம் என்றால் இதுதான் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். ஓவிய ஆசிரியை அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, “காலையில ஸ்கூலுக்கு வர்ற வழியில என்னென்ன பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு வந்தவையே சுவரில் இருப்பவை. திருக்காமீசுவரர் கோயில் தேர் வந்தது, சக்கரத்தைவிட வடம் தடியாக. மாதா கோயில், ரயிலுக்காகக் காத்து நிற்கும் டெம்போ, ஊசுட்டேரி நாரை, தலையில் மீன்கூடையோடு ஓர் ஆயா எல்லாம் வந்தன. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரைந்த நாய் பேருந்தைவிடப் பெரியது. தினமும் அவளைத் துரத்துகிற நாயாம் அது.

நாயைச் சிறிதாக்கலாம், வடத்தை மெலிதாக்கலாம் என்று குழுவுக்குள்ளேயே கருத்து எழுந்தது. பொதுச் சுவராயிற்றே, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை நியாயமானதுதான். நெடுநேரம் பேசி, ஒரு கோட்டையும் திருத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். பயந்த பிள்ளைக்கு நாய் அந்த அளவில்தான் தெரியும். அதைத் திருத்தினால் சுவரில் மிஞ்சுவது நம் படம், அவள் படம் அல்ல. போட்டி வைத்துத் தேர்வு செய்யவும் இல்லை. வரைந்த ஒவ்வொரு பிள்ளையின் தாளிலிருந்தும் ஓர் உருவமாவது சுவரில் உண்டு.

பெயின்ட் அடித்திருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் அது சீக்கிரம் உரிந்துவிடும்; தொட்டுப் பார்க்கவும் அதில் ஒன்றும் இராது. வில்லியனூர் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் கலைஞர்கள் பக்கத்திலேயே இருக்க, வேறெங்கும் போகத் தோன்றவில்லை. களிமண் காய்ந்து சுட்டு வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், கட்டம் போட்டுப் படத்தைப் பெரிதாக்கும்போதே அந்த அளவைக் கூட்டிக்கொண்டார்கள். பெரிய பலகையை அப்படியே சூளையில் வைத்தால் வெடிக்கும். துண்டுகளாக அறுத்தாக வேண்டும். சதுரமாக அறுத்தால் இணைப்பு முகத்தின் குறுக்கே ஓடும். அதனால் பிள்ளை போட்ட கோட்டின் வழியாகவே கம்பியால் அறுத்தார்கள். இது பெரியவர் ஒருவர் சொன்ன யோசனை. அவர் கைகளுக்கு நம் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது என்று தையில்தான் வேலையைத் தொடங்கினார்கள். சூளையில் விரிசல் விட்ட சில துண்டுகளைத் திரும்பச் செய்து தந்தார்கள். பூசிய வண்ணம் எதுவும் கிடையாது. மண்ணின் சிவப்பு, வெண்களிமண் குழம்பின் வெள்ளை, புகையூட்டிச் சுட்ட கருப்பு, அவ்வளவே.

செலவில் பெரும்பகுதி படத்துக்கு முன்பே சுவருக்குப் போனது. அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. செங்கல் வரை கொத்தியெடுத்து, மாடி மழைநீர்க் குழாயை மாற்றி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பதிக்க ஆரம்பித்தோம். ஈரச் சுவரில் எதைப் பதித்தாலும் நிற்காது. கீழ்வரிசையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னோம்.

உபயதாரர் பெயர்களைச் சுவரில் பொறிக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அள்ளிக் கொடுத்தவர்கள் நீங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் சுவரில் பிள்ளைகளின் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று குழு தீர்மானித்தது. ஈர மண்ணில் அவரவர் கையாலேயே கீறிய பெயர்கள் அவை. நன்கொடையாளர் பட்டியலை இந்த அறிக்கையோடு இணைத்துள்ளோம். அலுவலக அறையிலும் மாட்டியிருக்கிறோம்.

பராமரிப்பு எளிது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் வெறும் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும் போதும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்; உள்ளே ஈரம் தங்கினால் பலகை பொரிந்துவிடும். அதே சூளையில் சுட்ட மாற்றுத் துண்டுகளைப் பின்பக்கத்தில் எண்ணிட்டு நூலக அலமாரியில் வைத்திருக்கிறோம். சாவி தலைமையாசிரியரிடம் உள்ளது. தேர்தல் நேரத்தில் சுவரொட்டி ஒட்ட வருகிறவர்களிடம் தெருவாசிகளான உறுப்பினர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது. அசல் படங்கள் பிள்ளைகளிடமே திரும்பிப் போயின. தணிக்கையான வரவு செலவுக் கணக்கு அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்படும். அதற்கு முன்பே பார்க்க விரும்புவோர் பொருளாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இவண்,
சுவர் ஓவியப் பணிக் குழு
வில்லியனூர், புதுச்சேரி