காப்புகளை மீட்டுவிடுங்கள், அம்மா

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நால்வரும் நல்ல சுகம். எங்களுக்காக நீங்கள் காப்புகளை ஈடு வைத்துவிட்டீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். அந்தக் காசை அனுப்பவேண்டாம் என்பதற்காகவே நடந்ததை விபரமாக எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் இவருடைய வேலை நேரத்தைக் குறைத்ததால் இரண்டு மாத வாடகை நிலுவையாகிவிட்டது. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது கதவின் கீழே ஒரு தாள் கிடந்தது: பதினான்கு நாட்களுக்குள் நிலுவையைக் கட்டவேண்டும், அல்லது வெளியேற வேண்டும். பெண்ணுக்கு வீடு சீதனமாக வரும் ஊரில் பிறந்த எனக்கு, ஒருவர் எழும்பச் சொல்லி எழும்புவது என்றால் என்னவென்றே தெரியாது. 2004 மார்கழி 26 அன்று மட்டக்களப்பு நாவலடியிலிருந்து நம்மை எழுப்பியது கடல்தான். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் என்னை ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கூட்டிச் சென்றார். அங்கிருந்த பெண்மணி அந்தத் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியின் கீழும் அடிமட்டத்தை வைத்து வாசித்துக் காட்டினார். அது அறிவித்தல் மாத்திரமே. வீட்டு உரிமையாளர் அதற்கென உள்ள சபையில் விண்ணப்பித்து, இரு தரப்பையும் விசாரிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டு, கட்டளை பிறந்த பிறகும், நம்மை வெளியேற்றும் அதிகாரம் ஷெரிப் என்னும் அதிகாரிக்கே உண்டு, உரிமையாளர் தாமாகப் பூட்டை மாற்ற முடியாது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. உரிமையாளர் விண்ணப்பிப்பதற்கு முன் நிலுவை முழுவதையும் கட்டிவிட்டால் அந்த அறிவித்தலே செல்லாது.

இங்கே வாடகை வங்கி என்ற திட்டம் ஒன்று இருக்கிறது. மாநகர சபையின் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் அதை நடத்துகின்றன. வாடகை ஒப்பந்தம், சம்பளச் சிட்டைகள், வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றையும் கொடுத்தோம். பணம் நம் கைக்கு வராது, உரிமையாளருக்கே நேராகப் போகும். திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் இனிவரும் வாடகையைக் கட்ட வருமானம் உண்டென்று காட்டவேண்டும். கைக்குழந்தையுடன் வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் காட்ட வழியில்லை. அவளை வேறோர் இடத்துக்கு அனுப்பினார்கள். மிகவும் தேவைப்படுபவருக்கே கிடைக்காமற்போவது எனக்கு இன்றும் மனவருத்தமாக இருக்கிறது.

அந்தப் பெண்மணியே உரிமையாளருடன் பேசி, விண்ணப்பிக்காமல் பொறுத்திருக்கச் சம்மதிக்க வைத்தார். நிலுவை முழுவதும் கட்டியாயிற்று. இவருக்கும் பழையபடி முழு நேர வேலை கிடைத்துவிட்டது.

கையேந்திவிட்டோமே என்று இவர் குறுகிப்போனார். சுனாமிக்குப் பிறகு நிவாரண வரிசையில் நிற்க அப்பா கூசியபோது, "பிள்ளைகளுக்காக நில்லுங்கள்" என்று நீங்கள் சொன்னதையும், திராய்மடுவில் நமக்குக் கிடைத்த வீட்டையும் அவருக்குச் சொன்னேன்.

வட்டி ஏறுமுன் காப்புகளை மீட்டுவிடுங்கள், அம்மா. முதலாம் திகதி வாடகை கட்டியதும் பற்றுச்சீட்டைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்புகிறேன்; வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்