தலைமையாசிரியை ஆகிவிட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதவி உயர்வுக்குப் போனிலேயே வாழ்த்திவிட்டேன். நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். மெல்லக் கற்கும் பிள்ளைகளை 9-ஆம் வகுப்பிலேயே தனியாக உட்காரவைத்து மினிமம் மெட்டீரியல், அதாவது தேர்ச்சி மார்க் 35-க்குத் தேவையானதை மட்டும் தொகுத்த ஜெராக்ஸ் கட்டு, கொடுத்துவிடலாமா என்றாய். வேண்டாம். பத்தாம் வகுப்பிலும் திருப்புதல் தேர்வு வரும்வரை அதைக் கையில் எடுக்காதே.

நம் கணக்குப் பாடத்தையே பார். 100 மதிப்பெண்ணில் வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14. இந்த 30-உடன் சின்னக் கணக்கு மூன்று சேர்ந்தால் 35 தாண்டிவிடும். இதை மனதில் வைத்துத்தான் எல்லாப் பள்ளியிலும் அந்த ஜெராக்ஸ் கட்டு தயாராகிறது. பையன் அட்டவணை போடுவான், புள்ளி குறிப்பான், பரவளையத்தை அழகாக வரைவான், தீர்வு -3, 4 என்று கட்டம் போட்டு எழுதுவான். எக்ஸ் அச்சை வெட்டுகிற இடம் ஏன் தீர்வாகிறது என்று கேட்டால் முழிப்பான். அச்சின் மேல் ஒய்யின் மதிப்பு பூஜ்ஜியம், அவ்வளவுதான் விஷயம். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் மெட்டீரியலில் அந்த வரி இருக்காது, அதற்கு மார்க் கிடையாதே! அப்புறம் அவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து முதல் வருடக் கணக்கில் அரியர் வைப்பான். நாம் அதைப் பார்க்கப்போவதில்லை. நம் ரிசல்ட்டில் அவன் தேர்ச்சி.

மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்க உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2011-இல்தான் பத்தாம் வகுப்புக்கு ஒரே புத்தகம் வந்தது. இப்போது ஒரே வகுப்பறைக்குள் பாதிப் பேருக்குப் புத்தகம், பாதிப் பேருக்கு ஜெராக்ஸ் என்று நாமே பிரித்துவைக்கிறோம்.

மார்ச்சில் கைவிட்டுப் போகிற பிள்ளையை அந்தக் கட்டு கரையேற்றியிருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். பத்தில் தோற்று வேலைக்குப் போய்விட்டால் திரும்பக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். அது கடைசி நேர மருந்தாகவே இருக்கட்டும். 14 வயதில் ஒரு பிள்ளையின் எல்லை 35 என்று நாம் முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மெல்லக் கற்பவர்கள் என்று நீ பட்டியலில் வைத்திருக்கும் பெண்ணையே எடுத்துக்கொள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறாள், ஆனால் நாலு வரி வட்டிக் கணக்கை வாசித்துக் காட்டினால் மனக்கணக்காகவே விடை சொல்கிறாள் என்று நீதானே சொன்னாய்? அவளுக்கு வாசிப்பில்தான் சிக்கல், கணக்கில் இல்லை. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவச் சான்று வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைக்கும். ஆனால் தேர்வன்று முதல்முறையாக ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து “சொல்லும்மா” என்றால் பிள்ளைக்கு வாய் வராது. பின்னக்கோட்டை எங்கே போடுவது, எந்த வரியை அடிப்பது என்று சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். இந்த வருடக் காலாண்டிலிருந்தே அவளைப் பழக்கு. மொழிப்பாட விலக்கும் உண்டு, அதற்கு அவசரப்படாதே. விலக்கு வாங்கிய பிள்ளைகளை அந்தப் பீரியடில் வராந்தாவில் சும்மா உட்காரவைக்கிற பள்ளிகள் இருக்கின்றன.

முதன்மைக் கல்வி அலுவலர் மீட்டிங்கில் தேர்ச்சி சதவீதத்தைத்தான் கேட்பார்கள், சரி. அதற்கான தயாரிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். அதோடு, வரைபடப் பாடம் முடிந்ததும் பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வில் வெட்டும் புள்ளி ஏன் தீர்வாகிறது என்று இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி வைக்கச் சொல். 90 வாங்குகிற பிள்ளைகளிலும் எத்தனை பேர் அதை விட்டுவிடுகிறார்கள் என்று பார். விடைத்தாள்களை விடுமுறைக்கு வரும்போது எடுத்து வா, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்