அக்கா, அந்தப் படத்தை உனக்கே அனுப்புகிறேன்

அக்கா,

நாளையோடு ஒரு வருடம். எந்த நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ ஏன் வந்தாய், எப்படிக் கிளம்பிப் போனாய் என்பதையும் எழுதப்போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். என் போனை நீ எடுப்பதில்லை. ஆனால் நான் எழுதுவதை யார் மூலமாவது படித்துவிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

அன்று உன்னை உட்காரவைத்து வாட்டர்கலரில் வரைந்த படத்தை இன்று ஃபிரேமிலிருந்து எடுத்தேன். சுற்றியிருந்த மவுன்ட் அட்டையை விலக்கியதும் திக்கென்றது. அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த உன் தோள்பட்டை ஓரம் அன்று பூசிய அதே சிவப்பில் இருக்கிறது. அட்டைக்கு வெளியே, வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சிவப்பு போய்விட்டது. கன்னத்தில் அடியில் போட்ட எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் மட்டும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை.

தப்பு என்னுடையது. நான் வாங்கிய சிவப்பு அலிசரின் கிரிம்சன். ட்யூப் மேலேயே பிஆர் 83 என்று நிறமியின் எண் போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முன்பு ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் அது. 1868-இல் ஜெர்மனியில் இரண்டு வேதியியலாளர்கள் அதை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். அவ்வளவு அழகான சிவப்பு. ஆனால் தண்ணீராக, மெல்லிய வாஷாகப் போட்டால் வெளிச்சத்தில் வெளிறிவிடும். முகம் வரையும்போது கன்னத்துக்கு மெல்லிய வாஷ்தானே போடுகிறோம்? ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502-இல் வரைந்த முயல் படம் வியன்னாவில் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பயந்து அசலை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள். நான் உன்னை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டி வைத்திருந்தேன்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

அதுவரை போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறேன். நேரில் ஓர் ஆள் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை, அதுவும் நீ. 300 ஜிஎஸ்எம் தடிமனான பருத்தித் தாளைப் பலகையில் ஒட்டி, முந்தின நாளே பென்சில் கோடு போட்டுப் பழகி வைத்திருந்தேன். இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். நெற்றியில் கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக, கன்னம், மூக்கு, காது வரும் இடத்தில் சிவப்பு கூட, தாடைப் பக்கம் நீலம் கலந்து குளிர்ச்சியாக, எல்லாம் ஈரம் காய்வதற்குள் ஒன்றோடொன்று கலந்து இறங்க வேண்டும். மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் வெளிச்சம் விழுந்த புள்ளியைத் தொடாமல் தாளாகவே விட்டிருந்தேன். வெள்ளை பூசிக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது. விட்டால்தான் வெள்ளை.

அப்போதுதான் நீ, "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய்.

நான், "ஒரு நிமிஷம்க்கா, வாயை அசைக்காத, காயப்போகுது" என்றேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய். நான் கன்னத்து நிழலின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது உன் கீழிமையில் சிவப்பு ஏறியிருந்தது. அக்கா, எனக்கு அது நிறமாகத்தான் தெரிந்தது. பேலட்டில் அந்தச் சிவப்பைக் கலந்தேன். சரியாகக் கலந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நீ சட்டென்று எழுந்தாய், என் பிரஷிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பாதி காய்ந்திருந்த கன்னத்தில் விழுந்தது. பாதி ஈரத்தில் சொட்டு விழுந்தால் நிறத்தைச் சுற்றிலும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் நெளிநெளியாக நிறுத்திவிடும். காலிஃபிளவர் என்பார்கள். படத்தில் உன் காதுக்குக் கீழே இருப்பது அதுதான்.

எண்ணெய் வண்ணமாக இருந்தால் பிரஷைக் கீழே வைத்துவிட்டு மறுநாள்கூடத் தொடரலாம். வாட்டர்கலரில் அந்தச் சில நிமிஷம் போனால் போனதுதான். இதைச் சாக்கு என்பாய். பாதி சாக்குதான். தாள் வீணாகியிருந்தால் என்ன, இன்னொரு தாள் இருந்தது.

ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. அன்று சாயங்காலம் மூன்று தடவை கேட்டேன், "என்னக்கா சொல்ல வந்த?" என்று. "ஒண்ணுமில்ல" என்றாய். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வாய், திறக்கத் தெரியாதவன் மேல் பழி போடுவாய். "அவனுக்கு என் மூஞ்சிதான் வேணும், நான் வேணாம்" என்று நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து விஷயமும் வந்தது, வேறு யார் வாயாலோ. தம்பியிடம் சொல்ல ஒரு காலைதான் இருந்ததா உனக்கு? ஒரு நிமிஷம் என்று சொன்னதற்கு ஒரு வருடமா?

என்ன விஷயம் என்பதை இங்கே எழுத மாட்டேன். சித்தியும் படிப்பார், இன்னும் சிலரும் படிப்பார்கள். யாரும் அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஒரு வருடத்தில் நிறைய வாய் வரைந்தேன். முகமில்லாமல் வெறும் வாய். உதட்டைச் சுற்றிக் கோடு போடக்கூடாது, கீழுதட்டுக்கு அடியில் விழும் நிழலைப் போட்டால் உதடு தானாக வந்துவிடும் என்று கை பழகிவிட்டது. ஆனால் உன் படத்தில் இருக்கும் வாயைப் போல இன்னொன்று வரவில்லை. சும்மா இருக்கும்போது உன் வாயின் இடது ஓரம் துளி கீழே இறங்கும், அம்மாவுக்கு இறங்குகிற மாதிரியே. அது வந்திருக்கிறது. இரண்டு உதட்டுக்கும் நடுவில் நூலளவு இடைவெளியும் வந்திருக்கிறது. நீ பேச ஆரம்பித்த நேரம் அது.

இன்று ஃபிரேமிலிருந்து எடுத்த பிறகு, படத்தைச் சரிசெய்து அனுப்பலாம் என்று பிவி 19 என்ற எண்ணுள்ள ரோஸ் நிறத்தைக் கரைத்து வைத்தேன். அது எளிதில் வெளிறாது. கீழிமைக்குக் கொஞ்சம், கன்னத்துக்குக் கொஞ்சம். பிரஷைப் படத்தின் மேல் வரை கொண்டுபோனேன். அன்று உன் கண்ணைப் பார்த்துக் கலந்த சிவப்பை நினைவிலிருந்து கலக்க எனக்கு மனசு வரவில்லை. பிரஷைக் கழுவி வைத்துவிட்டேன். அந்த நெளிவையும் தொடவில்லை.

கூப்பிட்டால் எடுப்பேன், அக்கா. எந்த நேரமானாலும், தாள் எவ்வளவு ஈரமாக இருந்தாலும்.

நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். வழியில் உடையும் என்று கண்ணாடி வைக்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதே. ஈரக்கையால் தொடாதே, இதிலிருக்கும் பிசின் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். வேண்டாம் என்று தோன்றினால் குழாயடியில் பிடித்துப் பிரஷால் தேய், பெரும்பாலும் போய்விடும். நிழலுக்குக் கலந்த தாலோ நீலம் மட்டும் போகாது, அது தாளுக்குள் இறங்கிவிடும். தாடைக்கு அடியிலும் கீழுதட்டுக்கு அடியிலும் கொஞ்சம் நிற்கும்.

தம்பி