மாணவர் மாறினாலும் மருந்துப் பட்டியல் மாறக்கூடாது

ஆசிரியருக்கு,

இயற்கை மருத்துவப் பயிற்சி மருத்துவமனைகள் பற்றிய தங்கள் கட்டுரை, அங்குள்ள மாணவர்களின் பொறுமையைச் சரியாகவே பாராட்டியது. உணவு, உறக்கம், மனக்கவலை என அனைத்தையும் நிதானமாக விசாரிப்பவரை வேறெங்கும் காண்பது அரிது. ஆனால், பயிற்சிக் காலம் முடிந்ததும் அந்த மாணவர் மாறிவிடுகிறார்; சிக்கல் அங்கேதான். மூட்டுவலிக்காகச் சென்ற நான், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வதை முதல் மாணவர் கேட்டறிந்தார். அடுத்து வந்தவருக்கு அது தெரியவில்லை. இத்தகைய சிகிச்சையில் மனச்சோர்வுக்குத் தரப்படக்கூடிய செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, வார்ஃபரினின் செயலைக் குறைத்துவிடக் கூடியது என்பதால் இதை எளிதாகக் கடந்துபோக முடியாது.

நோயாளி உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை, மேற்பார்வை மருத்துவரின் கையொப்பத்துடன் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்; நகல் ஒன்றை நோயாளியிடமும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி